பட்டிப்பூ: ஒரு கடித உறையில் வந்த 25 இலைகள்



சென்ற தடவை கறிவேப்பிலையைப் பற்றி எழுதியபோது, "அண்ணா, சாப்பிடாத செடி ஒன்றைப் பற்றியும் எழுதுங்கோ" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதோ அந்தச் செடி. உங்களில் பாதிப்பேருடைய வீட்டு வாசலில், கோடைகாலத்தில், ஒரு தொட்டியில் இது நிற்கும். ஐந்து இதழ்கள், இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை நிறம், நடுவில் ஒரு சின்னக் கண். என் அம்மம்மா இதைப் பட்டிப்பூ என்பா. என்னோடு வேலை செய்யும் மதுரைக்காரர் நித்தியகல்யாணி என்பார். இரண்டும் ஒரே செடிதான் என்று எங்கள் இருவருக்குமே தெரியாமல் இருந்தது. கைபேசியில் படத்தைக் காட்டியபோதுதான் தெரிந்தது.

இன்னும் பெயர்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சில ஊர்களில் சுடுகாட்டுப்பூ. சிங்களத்தில் மினி மல். "மினி" என்றால் பிணம், "மல்" என்றால் பூ. ஒரு பக்கம் கல்யாணி, இன்னொரு பக்கம் சுடுகாடு! ஆனால் காரணம் ஒன்றுதான். இந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம், உரம் வேண்டாம், வெயில் போதும். வருடம் முழுவதும் பூக்கும். யாரும் கவனிக்காத மயானத்திலும் பூக்கும் என்பதால் ஒரு பெயர். எப்போதும் பூத்தபடி இருப்பதால் மற்றப் பெயர்.

கனடாவில் பூங்கன்றுக் கடைகளில் இதற்கு "வின்கா" என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதும் ஒரு கதை. அதையும் சேர்த்து, இந்தச் செடி எங்கள் நகரத்துக்குப் பக்கத்தில் நடந்த ஒரு பெரிய மருத்துவக் கண்டுபிடிப்பில் எப்படிப் பங்கெடுத்தது என்று சொல்கிறேன். நான் தாவரவியலாளன் இல்லை. பொறியியல் படித்துவிட்டுக் கணினி வேலை பார்ப்பவன். ஆகவே ஒரு பொறியியலாளன் கேட்கும் கேள்விகளைத்தான் கேட்பேன்: எங்கிருந்து வந்தது? எப்படி வேலை செய்கிறது? எவ்வளவு தேவை? யார் செய்தார்கள்?

இது எங்கள் ஊர்ப் பூவா?

யாழ்ப்பாணத்து வாசல்களிலும் தஞ்சாவூர்க் கோயில் மதிலோரங்களிலும் இருப்பதால், இது ஆதிகாலம் தொட்டே எங்களோடு இருக்கும் பூ என்று நினைக்கத் தோன்றும். சங்க இலக்கியத்தில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அதில் பட்டிப்பூ இல்லை. இருக்கவும் முடியாது. ஏனென்றால் இதன் பிறந்தகம் ஆபிரிக்காவுக்குக் கிழக்கே இந்து சமுத்திரத்தில் இருக்கும் மடகாஸ்கர் தீவு.

அங்கே பிரெஞ்சுக் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த எத்தியென் தெ ஃபிளாக்கூர் 1658இல் அந்தத் தீவைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். தீவு மக்கள் பயன்படுத்தும் செடிகளின் பட்டியல் அதில் உண்டு. மல்லிகை போன்ற பூவும் கசப்பான வேரும் உடைய ஒரு செடியையும் அவர் குறிப்பிடுகிறார். அதுதான் எங்கள் பட்டிப்பூ என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆகவே, ஐரோப்பியர் கண்ணில் படும் முன்பே மடகாஸ்கர் மக்களுக்கு இது மருந்துச் செடியாகத் தெரிந்திருந்தது.

அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1750களில், இதன் விதைகள் பாரிஸ் அரச தோட்டத்திலிருந்து லண்டனில் உள்ள செல்சி மூலிகைத் தோட்டத்துக்கு வந்தன. (இது இங்கிலாந்து லண்டன். இன்னொரு லண்டனும் கதையில் வரும், பொறுங்கள்.) அங்கே பிலிப் மில்லர் என்ற தோட்டக்காரர் அதை முளைக்க வைத்தார். எல்லா உயிர்களுக்கும் இரட்டைப் பெயர் வைத்துக்கொண்டிருந்த லினேயஸ் 1759இல் இதற்கு "வின்கா ரோசியா" என்று பெயரிட்டார். ஐரோப்பாவில் நீலப்பூப் பூக்கும் வின்கா என்ற தரையோடு படரும் செடி ஏற்கெனவே இருந்தது. அதன் சொந்தக்காரர் என்று இதை நினைத்தார். பிறகு வந்த தாவரவியலாளர்கள் இதை வேறு பேரினமாகப் பிரித்து "கதராந்தஸ் ரோசியஸ்" என்று மாற்றினார்கள். ஆனால் கடைகளில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இன்றும் "வின்கா".

இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். ஒன்ராறியோவில் மரங்களுக்குக் கீழே, பனிக்குள்ளும் பச்சையாகப் படர்ந்து கிடக்கும் நீலப்பூச் செடி உண்மையான வின்கா. எங்கள் பட்டிப்பூ முதல் உறைபனிக்கே கருகிவிடும்.

அலரி, நந்தியாவட்டை, எருக்கு ஆகியவை பட்டிப்பூவின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்தில் பலவற்றின் சாறு நஞ்சு. ஊரில் பெரியவர்கள் "அலரியை வாயில் வைக்காதே" என்று சொல்வது இதனால்தான். பட்டிப்பூவும் அப்படித்தான். எங்கள் பின்வளவில் முயல்கள் எல்லாச் செடியையும் கடித்துப் பார்க்கும். பட்டிப்பூவை மட்டும் தொடாது.

அழகான பூ, எளிதில் வளரும், ஆடு மாடு கடிக்காது. இப்படி ஒரு செடி கிடைத்தால் யார் விடுவார்கள்? கப்பல்களோடும் குடியேறியவர்களோடும் சேர்ந்து இது வெப்பநாடுகள் எங்கும் பரவியது. இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ், கரீபியன் தீவுகள். எங்கே போனாலும் விதை விழுந்து தானே முளைத்தது. போன இடங்களில் எல்லாம் மக்கள் இதைக் கைமருந்தாகவும் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதில் ஒரு பயன்பாடு பல நாடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது: இலையை அவித்துக் குடித்தால் சலரோகம், அதாவது நீரிழிவு, குறையும் என்பது.

நாணயம் சுண்டிய கதை

இப்போது 1921ஆம் ஆண்டு ரொறொன்ரோவுக்கு வாருங்கள். ஃபிரெடரிக் பாண்டிங் என்ற இளம் வைத்தியர் நீரிழிவுக்கு மருந்து தேடி ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வைத் தொடங்குகிறார். அவருக்கு ஒரு மாணவ உதவியாளர் தேவை. தகுதியான மாணவர்கள் இருவர்: சார்ல்ஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். யார் முதலில் போவது என்று இருவரும் ஒரு நாணயத்தைச் சுண்டினார்களாம். பெஸ்ட் வென்றார். அந்தக் கோடையில் நடந்த வேலைதான் இன்சுலின் கண்டுபிடிப்பாக முடிந்தது. பாண்டிங், பெஸ்ட் என்ற பெயர்களை நீங்கள் பாடசாலையில் படித்திருப்பீர்கள். கிளார்க் நோபிளின் பெயரைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அவரும் பின்னர் இன்சுலின் ஆய்வுகளில் பங்கெடுத்தார், வைத்தியராகவும் பணிபுரிந்தார். ஆனாலும் நாணயத்தில் தோற்றவர் என்றுதான் அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

முப்பது வருடங்கள் போகின்றன. 1952இல் கிளார்க் நோபிளுக்கு ஜமேக்காவிலிருந்து ஒரு தபால் வருகிறது. உறைக்குள் 25 இலைகள். அவரோடு தொடர்பில் இருந்த நோயாளி ஒருவர் அனுப்பியது. இன்சுலின் கிடைக்காத இடங்களில் ஜமேக்கா மக்கள் இந்த இலையைத் தேநீராக அவித்து நீரிழிவுக்குக் குடிக்கிறார்கள், இதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள் என்பது செய்தி. இலை எங்கள் பட்டிப்பூ இலை.

கிளார்க் அந்த உறையைத் தன் தம்பிக்கு அனுப்பினார். தம்பி ரொபேர்ட் நோபிள், ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கும் லண்டன் நகரத்தில், வெஸ்டர்ன் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தின் கொலிப் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். இதுதான் நான் சொன்ன இரண்டாவது லண்டன். ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டரை மணிநேர ஓட்டம். அந்த ஆய்வுகூடத்தின் பெயரில் இருக்கும் கொலிப் யார் தெரியுமா? 1922இல் இன்சுலினை மனிதருக்குக் கொடுக்கக்கூடிய அளவுக்குச் சுத்தமாக்கிய ஜேம்ஸ் கொலிப். ஆக, நீரிழிவுக்கு என்று சொல்லப்பட்ட இலை, இன்சுலின் கண்டுபிடித்தவர்களின் வட்டத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. இதைவிடப் பொருத்தமான முகவரிக்கு அந்தத் தபால் போயிருக்க முடியாது.

எலிகள் ஏன் இறந்தன?

ரொபேர்ட் நோபிளின் குழு இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தது. இரத்தத்தில் சீனியின் அளவு அசையவில்லை. கொடுத்து, அளந்து, மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நிறையப் பேர் கோப்பை மூடியிருப்பார்கள். அவர்கள் ஒரு படி கூடப் போனார்கள். வாய்வழி போனால் வயிற்றில் சிதைந்துவிடுகிறதோ என்று, சாற்றை ஊசிமூலம் ஏற்றினார்கள். அப்போதும் சீனி குறையவில்லை. ஆனால் எலிகள் ஒரு வாரத்துக்குள் இறக்கத் தொடங்கின.

எங்கள் கணினி வேலையில் ஒரு நிரல் எதிர்பாராமல் விழுந்தால், "சரி, விழுந்துவிட்டது" என்று விடமாட்டோம். பதிவேட்டைத் திறந்து, கடைசியாக என்ன நடந்தது என்று வரிவரியாகப் பார்ப்போம். நோபிளின் குழுவும் அதைத்தான் செய்தது. இறந்த எலிகளைப் பரிசோதித்தபோது உடல் எங்கும் கிருமித்தொற்று. சாதாரணமாக எலிக்கு ஒன்றும் செய்யாத கிருமிகள். ஏன் இப்படி? எலிகளின் இரத்தத்தைப் பார்த்தார்கள். கிருமிகளோடு சண்டை பிடிக்கும் வெண்குருதிக் கலங்கள், அதாவது வெள்ளை அணுக்கள், ஏறக்குறைய காலியாக இருந்தன. அவற்றை உற்பத்தி செய்யும் எலும்பு மச்சையும் வறண்டிருந்தது.

இப்போது நீங்கள் அந்த ஆய்வுகூடத்தில் நிற்கிறீர்கள் என்று நினையுங்கள். கையில் இருப்பது நீரிழிவு மருந்து இல்லை, எலியைக் கொல்லும் நஞ்சு. என்ன செய்வீர்கள்?

லுக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோயில் நடப்பது இதற்கு எதிரானது: வெண்குருதிக் கலங்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுகின்றன. அவற்றைக் குறைக்கும் ஒரு பொருள் செடிக்குள் இருந்தால், அதைப் பிரித்தெடுத்து, அளவாகக் கொடுத்துப் பார்க்கலாமே? நோபிளின் குழு தேடும் பொருளை மாற்றிக்கொண்டது.

1954இல் இங்கிலாந்திலிருந்து சார்ல்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளர் வந்து சேர்ந்தார். பட்டிப்பூ இலைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலோயிட்கள் இருக்கின்றன. அல்கலோயிட் என்றால் தாவரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யும் கசப்பான பொருட்கள். கோப்பியில் இருக்கும் கஃபீனும் ஒன்று. அந்தக் கூட்டத்துக்குள் எலியின் வெள்ளை அணுக்களைக் குறைத்த ஒன்றை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் எலியில் சோதித்து, வேலை செய்யும் பகுதியை மறுபடி பிரித்து என்று சில வருடங்கள் போயின. 1958இல் பியர் அந்தப் பொருளைத் தூய பளிங்காக எடுத்தார். இன்று அதன் பெயர் வின்பிளாஸ்ரின். "வின்கா" என்ற பழைய தவறான பெயரின் முதல் எழுத்துகள் அதில் இருப்பதைப் பாருங்கள்.

அதே வருடம் நியூயோர்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் நோபிள், பியர், அவர்களோடு வேலை செய்த கட்ஸ் ஆகியோரின் கட்டுரை வந்தது. தற்செயலாகக் கண்டவை புற்றுநோய் மருந்து தேடலில் எப்படி உதவும் என்பது அதன் பொருள்.

அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரத்தில் ஈலை லில்லி என்ற மருந்து நிறுவனமும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அவர்களுக்குத் தகவல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. அங்கேயும் மக்கள் அதே நீரிழிவுக்குத்தான் இதைக் குடித்தார்கள். லில்லியின் ஆய்வாளர்கள் இலைச்சாற்றை லுக்கேமியா உள்ள சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அவை கூடுதல் காலம் உயிரோடு இருந்தன. ஒரு வேடிக்கை: 1920களில் ரொறொன்ரோவின் இன்சுலினைப் பெருமளவில் தயாரித்து விற்ற நிறுவனமும் இதே லில்லிதான். இரண்டு குழுக்களும் சேர்ந்து வேலை செய்தன. லில்லியில் கோர்டன் ஸ்வபோடா அதே செடியிலிருந்து இன்னொரு பொருளையும் பிரித்தார். அதுதான் வின்கிறிஸ்ரின். 1963இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. வின்பிளாஸ்ரினை நோயாளிகளில் முதலில் சோதித்த இடங்களில் ரொறொன்ரோவின் பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனையும் ஒன்று.

பிள்ளைகளுக்கு என்ன நடந்தது?

1950களில் ஒரு பிள்ளைக்குக் கடும் லுக்கேமியா என்று சொன்னால் பெற்றோர் சில மாதங்களை எண்ணத் தொடங்குவார்கள். 1960களின் ஆரம்பத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் என்ற இரு வைத்தியர்கள் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒன்று வின்கிறிஸ்ரின். அதுவரை ஒரு மருந்து தோற்றால் அடுத்த மருந்து என்பதுதான் வழக்கம். இந்தச் சேர்க்கையால் நோய் முன்பைவிட நீண்டகாலம் அடங்கியிருந்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள், பல மருந்துகள், பல ஆய்வுகள். இன்று கனடா போன்ற நாடுகளில் பிள்ளைகளுக்கு வரும் பொதுவான லுக்கேமியாவில் ஏறக்குறைய 90 சதவீதமான பிள்ளைகள் பிழைக்கிறார்கள். பட்டிப்பூ மட்டும் இதைச் செய்யவில்லை. ஆனால் அந்த மருந்துக் கூட்டில் வின்கிறிஸ்ரின் இன்றும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டு மருந்துகளும் உள்ளன.

எங்கள் குடும்ப நண்பர் ஒருவரின் மகனுக்கு நான்கு வயதில் இந்த நோய் வந்தது. அவனுடைய அம்மா ஒரு கொப்பியில் எல்லா மருந்துகளின் பெயர்களையும் தமிழில் எழுதி வைத்திருந்தா. ஊசி ஏற்றும் நாட்களில் அவனுக்கு விரல்நுனிகள் விறைக்கும், மலச்சிக்கல் வரும், தலைமயிர் கொட்டும். அந்தக் கொப்பியில் "வின்கிறிஸ்ரின்" என்ற சொல்லைப் பார்த்துத்தான் நான் முதன்முதலில் இதைத் தேடிப் படித்தேன். பட்டிப்பூவிலிருந்து வருகிறது என்று சொன்னபோது அவன் அம்மா நம்பவில்லை. "எங்கட வாசல்ல நிண்ட பட்டிப்பூவோ?" என்று இரண்டு தடவை கேட்டா. இப்போது அவன் உயர்பாடசாலையில் படிக்கிறான். என்னைவிட உயரம்.

எப்படி வேலை செய்கிறது?

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது, தன் நிறமூர்த்தங்களைச் சரிபாதியாகப் பங்கிட வேண்டும். அதற்குக் கலத்துக்குள் மெல்லிய கயிறுகள் போன்ற நுண்குழாய்கள் உருவாகி, இரண்டு பக்கமும் இழுக்கின்றன. அந்தக் குழாய்கள் சின்னச் சின்னப் புரதக் கட்டிகளை அடுக்கிச் செய்யப்படுகின்றன, லெகோ போல. வின்பிளாஸ்ரினும் வின்கிறிஸ்ரினும் அந்தக் கட்டிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. கட்டிகள் அடுக்க முடியாமல் போகின்றன. கயிறு இல்லை, இழுவை இல்லை, பிரிதல் பாதியில் நின்று கலம் இறக்கிறது.

புற்றுநோய்க் கலங்கள் ஓயாமல் பிரிபவை, ஆகவே அவை அதிகம் அடிபடும். ஆனால் எலும்பு மச்சையும் மயிர்வேரும் வேகமாகப் பிரிபவைதான். அவையும் அடிபடும். நரம்புகளுக்குள்ளும் இதே நுண்குழாய்கள் இருப்பதால் விரல் விறைக்கிறது. நோபிளின் எலிகளைக் கொன்றதும் லுக்கேமியாவை அடக்குவதும் ஒரே வேலைதான், அளவுதான் வேறு. வைத்தியர்கள் இந்த அளவைப் பிள்ளையின் உடல் பரப்பை வைத்து மில்லிகிராம் கணக்கில் பார்ப்பார்கள்.

அப்படியானால் தேநீர் குடிக்கலாமா?

குடிக்க வேண்டாம். இதைச் சொல்வதற்காகவே பாதிக் கட்டுரையை எழுதினேன்.

எங்கள் பெரியவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு செய்தி சுற்றும்: காலையில் வெறுவயிற்றில் பட்டிப்பூ இத்தனை, இலை இத்தனை, சீனி வருத்தம் பறந்துவிடும். இன்னொரு செய்தி: இதிலிருந்துதான் புற்றுநோய் மருந்து செய்கிறார்கள், ஆகவே இதைக் குடித்தால் புற்றுநோய் வராது. இரண்டாவது செய்தியில் முதல் பாதி உண்மை என்பதால்தான் அது இன்னும் ஆபத்தானது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்ரின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவை. சில புற்றுநோய்களுக்கு ஒரு வளர்ந்தவருக்கு ஒரு தடவை ஏற்றுவது சுமார் 10 மில்லிகிராம். ஒரு கிராமில் அப்படி 100 தடவை ஏற்றலாம். 500ஐ 100ஆல் வகுத்தால், ஒரு தடவைக்கு 5 கிலோ காய்ந்த இலை. நாலு இலை போட்ட தேநீரால் புற்றுநோய் சுகமாகாது. அதே நேரம், இலையில் இருக்கும் மற்ற நூறு அல்கலோயிட்கள் எவ்வளவு உள்ளே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. செடிக்குச் செடி, மாதத்துக்கு மாதம் அது மாறும். இந்தச் செடியைக் கைமருந்தாகக் குடித்து எலும்பு மச்சை பாதிக்கப்பட்ட ஒருவரைப் பற்றித் தாய்வான் வைத்தியர்கள் 2004இல் எழுதியிருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இது நிச்சயம் கூடாது. நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடித்தால் ஆபத்து இரண்டு மடங்கு.

உங்கள் பெரியப்பாவோ மாமியோ குடிக்கிறார் என்றால் சண்டை பிடிக்காதீர்கள். சண்டை பிடித்தால் ஒளித்துக் குடிப்பார்கள். எலிக் கதையைச் சொல்லுங்கள். "குடும்ப வைத்தியரிடம் இதையும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். என் பெரியம்மாவிடம் அது வேலை செய்தது.

யாருக்கு என்ன கிடைத்தது?

நோபிளும் பியரும் 1997இல் கனடிய மருத்துவப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். நோபிள் அதற்கு ஏழு வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். மருந்து விற்ற நிறுவனத்துக்கு வருமானம் வந்தது. செடி பிறந்த மடகாஸ்கருக்கும், இலையைத் தேநீராகக் குடித்து "இதில் ஏதோ இருக்கிறது" என்று தகவல் தந்த ஜமேக்கா மக்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் சட்டம் எதுவும் இருக்கவில்லை.

இது எளிதான வழக்கும் இல்லை. செடி 200 வருடங்களாக உலகம் முழுவதும் இருந்தது. மக்கள் சொன்னது நீரிழிவு. கிடைத்தது புற்றுநோய் மருந்து. அப்படியானால் யாருடைய அறிவு? ஆனால் அந்த மக்கள் இலையைச் சுட்டிக்காட்டாமல் இருந்திருந்தால் உறை வந்திருக்காது, எலிகள் இறந்திருக்காது. இந்தக் கேள்விகள் உலக அரங்கில் பேசப்பட்டபோது பட்டிப்பூவும் ஓர் உதாரணமாக எடுத்துக்காட்டப்பட்டது. 1992இல் உயிர்ப் பல்வகைமை ஒப்பந்தம் வந்தது. 2010இல் நகோயா நெறிமுறை வந்தது. ஒரு நாட்டின் உயிர்வளத்தையும் அதன் மக்களின் அறிவையும் பயன்படுத்துபவர்கள் முன்னனுமதி பெறவும் பலனைப் பகிரவும் வேண்டும் என்பது அதன் சாரம்.

எங்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில், மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலங்களில், விவசாயிகள் நித்தியகல்யாணியைப் பயிராகவே செய்திருக்கிறார்கள். இலையும் வேரும் காய வைக்கப்பட்டு வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போயின. வேரிலிருந்து இரத்த ஓட்டத்துக்கான ஒரு மருந்து எடுக்கப்படுகிறது. ஏதோ ஒரு நாட்டில் ஒரு பிள்ளைக்கு ஏறிய ஊசியில் தெற்குத் தமிழ்நாட்டு வெயில் கொஞ்சம் இருந்திருக்கக்கூடும்.

2019இல் அமெரிக்காவில் வின்கிறிஸ்ரினுக்குத் தட்டுப்பாடு வந்தது. மாற்று மருந்து இல்லாததால் வைத்தியர்களும் பெற்றோரும் பட்ட பாடு செய்திகளில் வந்தது. ஒரு செடியின் இலையையும் ஒருசில தயாரிப்பாளர்களையும் நம்பியிருந்தால் இப்படி நடக்கும். 2022இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களோடு இணைந்த ஆய்வாளர்களும், பாண் சுடப் பயன்படும் ஈஸ்டின் மரபணுவில் 56 மாற்றங்கள் செய்து, வின்பிளாஸ்ரினின் இரண்டு பாதிகளையும் அதற்குள் உற்பத்தி செய்து காட்டினார்கள். செடி முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அமைதியாகச் செய்யும் வேலை அது. பொறியியல் படிக்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாலமும் கணினியும் மட்டும் பொறியியல் என்று நினைக்காதீர்கள்.

நட விரும்பினால்

விதை என்றால் பெப்ரவரி இறுதியில் அல்லது மார்ச்சில் வீட்டுக்குள் போடுங்கள். இதன் விதைக்கு முளைக்க இருட்டு வேண்டும், ஆகவே மண்ணால் மூடி, தட்டைக் கறுப்புத் தாளால் போர்த்துங்கள். சூடான இடத்தில் வையுங்கள். முளைத்ததும் தாளை எடுத்து வெளிச்சம் கொடுங்கள். கன்று வாங்குவதானால் விக்டோரியா தினம் கழித்து, இரவுக் குளிர் போன பிறகு வெளியே வையுங்கள். அவசரப்பட்டால் இலை மஞ்சளாகும்.

நல்ல வெயில் படும் இடம், தண்ணீர் வடியும் தொட்டி. மண்ணின் மேற்பகுதி காய்ந்த பிறகே தண்ணீர். இந்தச் செடி பெரும்பாலும் தாகத்தால் சாகாது, அதிக தண்ணீரால் வேர் அழுகித்தான் சாகும். வாடிய பூவைக் கிள்ள வேண்டியதில்லை, தானே விழும். செப்டெம்பரில் ஒல்லியான காய்கள் பழுத்து வெடிக்க முன் கறுப்பு விதைகளை எடுத்து வைத்தால் அடுத்த வருடத்துக்கு ஆகும். செடியை வெட்டிய பிறகு கையைக் கழுவுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ நாய் பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் அம்மா காலையில் வெள்ளைப் பூக்களை மட்டும் பறித்துச் சாமியறைக்குக் கொண்டுபோவா. இளஞ்சிவப்புப் பூக்கள் செடியிலேயே நிற்கும். ஏன் என்று கேட்டால், "அம்மம்மா அப்பிடித்தான் செய்வா" என்பதுதான் பதில். உங்கள் வீட்டில் இந்தப் பூவுக்கு என்ன பெயர், யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று இந்த வார இறுதியில் ஒரு பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த தடவை முருங்கையோடு வருகிறேன்.